வீட்ல வரலையா சார்?

தலையணையைப் பார்த்து எரிச்சல்படுகிற ஆளை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள். சிங்கப்பூரில் கப்பல் ஏறி, முடிவே இல்லாத நடைக்கூடத்தில் எண் பார்த்துப் பார்த்து நடந்து, அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்தால் நான்கு தலையணை. கட்டில் இரட்டை. குளியல் துண்டு இரண்டு, கண்ணாடித் தம்ளர் இரண்டு, அலமாரியில் உயிர்காப்பு ஜாக்கெட்டும் இரண்டு. நான் ஒருவன்தான். ஆனால் அத்தனைக்கும் பணம் கட்டியிருக்கிறேன்.

சொகுசுக் கப்பல்காரர்களின் கணக்கு அப்படி. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடுவது, ஓர் அறையில் இருவர் தங்கினால் தலைக்கு இவ்வளவு என்கிற கட்டணம். தனியாகப் போனால் பெரும்பாலும் வராத ஆளுக்கும் சேர்த்து நாமே அழ வேண்டும். வராத ஆள் சாப்பிடமாட்டார், குளிக்கமாட்டார், படுக்கையைக் கசக்கமாட்டார். இருந்தாலும் முழுக் காசு. டிராவல் ஏஜென்டிடம் நியாயம் கேட்டேன். “ரெண்டு பேர் வந்தா பார்லயும் கடையிலயும் ரெண்டு பேர் செலவு பண்ணுவாங்க சார். அந்த நஷ்டத்தை அவங்க யார்கிட்ட வாங்குவாங்க?” என்றார். ஆக, என் பங்குக்கே நான் குடிக்காத மதுவுக்கு, வராத ஆளின் பங்கையும் சேர்த்துக் கட்டியிருக்கிறேன்.

தனியாகச் சாப்பிடப் போகிறவனைக் கைகழுவும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் உட்கார வைக்கிற ஓட்டல்களைப் பற்றி இங்கே புலம்பி, ‘உமக்கு வேறு வேலை இல்லையா’ என்று வாசகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அந்த வழக்கின் அடுத்த வாய்தா இது. தனி ஆளுக்கென்று அறை கட்டுவது முடியாத காரியமும் இல்லை. 2010-ல் வந்த நார்வீஜியன் எபிக் கப்பலில் 128 அறைகள் அப்படிக் கட்டினார்கள். தலா 100 சதுர அடி. கடலைப் பார்த்த ஜன்னல் கிடையாது. ஆனாலும் ஓர் ஆளை ஓர் ஆளாக மதித்த அறைகள். மற்ற சில நிறுவனங்களும் இப்போது மெல்ல அந்த வழிக்கு வருகின்றன. இந்த வாரம் முழுக்க அதைத்தான் எழுதுவதாக இருந்தேன்.

பெட்டி வரவில்லை. துறைமுகத்திலேயே பெட்டியை வாங்கிக்கொண்டு, சாயங்காலத்துக்குள் அறை வாசலில் வைத்துவிடுவதாகச் சொல்வது கப்பல் வழக்கம். அதுவரை என்ன செய்வது? எல்லோரும் செய்வதைத்தான், மேல்தளத்து பஃபேக்கு ஓடுவது. முகூர்த்த நாளில் கல்யாண மண்டபப் பந்திக்கு இடம் பிடிக்கிற அதே நெருக்கடி. தட்டோடு நின்றவனைக் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று காப்பாற்றியது. மூன்று தலைமுறை, பதினோரு பேர். நாற்காலியை இழுத்துப் போட்ட அம்மாள் முதலில் கேட்டது ஊரையும் இல்லை, பேரையும் இல்லை.

“வீட்ல வரலையா சார்?”

வீட்டில் வராத காரணம் இந்தப் பத்தியைப் படிப்பவர்களுக்குத் தெரியும். மேட்டுப்பாளையம் தாண்டுவதற்குள் எலுமிச்சம்பழம் கேட்கிறவரைக் கடலில் இறக்க முடியுமா? சொன்னேன். அம்மாள் நம்பவில்லை என்பது, தயிர்சாதத்தை என் தட்டில் வைத்த பரிவிலேயே தெரிந்தது. “தனியா எதுக்குங்க, எங்க கூடவே இருந்துக்கோங்க” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

பிறகு அபாயகால ஒத்திகை. ஏழு குறுகிய ஊதல், ஒரு நீண்ட ஊதல். கேட்டால் எந்த இடத்தில் கூட வேண்டும் என்று காட்டி, அட்டையை ஒரு கருவியில் வைத்துக் கணக்கெடுக்கிறார்கள். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தபோது, அன்று மாலைதான் ஏறிய பலருக்கு இந்த ஒத்திகை நடந்திருக்கவேயில்லை. அதற்குப் பிறகுதான் கப்பல் கிளம்புமுன் அல்லது கிளம்பியதுமே நடத்தியாக வேண்டும் என்று விதியை இறுக்கினார்கள். இதில் மட்டும் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

குறை ஒலிபெருக்கியிடம். ஐந்தாம் தளத்தில் பிங்கோ, நீச்சல்குளத்தருகே ஜும்பா, ஓவிய ஏலம், வினாடிவினா, வைரக்கல் பற்றி இலவசச் சொற்பொழிவு. ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் தண்ணீரைப் பார்ப்பது இந்தக் கப்பலில் ஏதோ நோய் போலிருக்கிறது, உடனே யாராவது சீருடையோடு வந்து “ஆர் யூ ஓகே சார்?” என்கிறார்கள். சரி, அறைக்குப் போய் ஏதாவது எழுதலாம் என்றால் காகிதம் இல்லை. மேசை இழுப்பறையில் சலவைக் கட்டணப் பட்டியலும் அதற்கான பையும் மட்டும். வரவேற்பில் கேட்டேன். அந்தப் பெண் என்னவோ தந்திக் கம்பம் கேட்டதுபோல யோசித்து, வைஃபை வாங்கிக்கொள்ளச் சொன்னாள். வைஃபைக்குத் தனிக் காசு.

கப்பலில் காகிதம் இல்லாமல் போனது சாதாரண விஷயமா? 1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பிய காந்தி, கில்டோனன் காஸில் என்ற கப்பலில் ‘ஹிந்த் ஸ்வராஜ்’ முழுவதையும் எழுதி முடித்தார். 13-ம் தேதி தொடங்கி 22-ம் தேதி முடிந்தது. எழுதியது கப்பல் கொடுத்த கடிதத் தாள்களில். வலது கை ஓய்ந்ததும் இடது கைக்கு மாற்றிக்கொண்டு விடாமல் எழுதினார். அவருக்கு நடுவே பிங்கோவுக்கு அழைப்பு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நம்மூர்க்காரர்களுக்கும் கப்பல் பலமுறை கைகொடுத்திருக்கிறது. விண்ணியற்பியலாளர் சந்திரசேகர் 1930 ஜூலை 31 அன்று பம்பாயில் பில்ஸ்னா என்ற கப்பலில் ஏறியபோது வயது 19. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படிப்பை முடித்துக் கேம்பிரிட்ஜ் போகிறார். வெனிஸ் போய்ச் சேருகிற வரை வேலை ஒன்றுமில்லை. எரிந்து முடிந்து சுருங்கும் விண்மீன்களைப் பற்றி கேம்பிரிட்ஜ் அறிஞர் ஃபௌலர் போட்டிருந்த கணக்கோடு சார்பியலையும் சேர்த்துப் பார்த்தார். ஓர் எல்லைக்கு மேல் எடையுள்ள விண்மீன் அப்படி நிம்மதியாக அடங்க முடியாது என்று விடை வந்தது. வானியலாளர் எடிங்டன் போன்ற பெரியவர் அதைப் பகிரங்கமாக மறுத்தார். 1983-ல் நோபல் பரிசு வந்தது. பெரியப்பா மகனோ சித்தப்பா மகனோ கூட வந்து சீட்டாடக் கூப்பிட்டிருந்தால் அந்த விடை கரையில்தான் கிடைத்திருக்கும், இன்னும் எத்தனை நாள் கழித்தோ! அவருடைய சித்தப்பா சி.வி. ராமன் 1921-லேயே நார்குண்டா கப்பலில் கையடக்கப் பட்டகத்தை வைத்துக்கொண்டு கடல் ஏன் நீலம் என்று பார்த்தவர். அது தெரிந்த கதை, விடுங்கள். தெரியாத கதை ஒன்று: 1931 டிசம்பரில், வட்டமேசை மாநாடு முடிந்து காந்தி பிரிண்டிசியில் ஏறி பம்பாய் வந்ததும் இதே பில்ஸ்னாவில்தான்.

ஆறு மணிக்கு மேல் பெட்டி வந்தது. அதில் பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியாரின் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ இருந்தது. “மறுபடியும் ஏ.கே. செட்டியாரா!” என்று நீங்கள் முனகுவது கேட்கிறது. ஆமாம், மறுபடியும்தான். கப்பலில் வேறு யாரைப் படிப்பது?

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் சமாரியா கப்பல். நியூயார்க்கில் புகைப்படக் கலை படித்துவிட்டுத் திரும்பும் செட்டியாருக்கு வயது 25. அன்று காந்தி பிறந்தநாள். நடு அட்லாண்டிக்கில் அவருக்குத் தோன்றுகிறது: காந்தியைப் பற்றி ஒரு முழுநீள ஆவணப்படம் எடுத்தால் என்ன? கையில் பணமில்லை, பெரிய மனிதர் யாரும் பின்னால் இல்லை. செட்டிநாட்டுப் பையன்! கரையில் யாரிடமாவது சொல்லியிருந்தால், முதலில் ஊர் போய்ச் சேரும் வழியைப் பார் என்றிருப்பார்கள்.

பிறகு நடந்ததுதான் எனக்கு ஆறவே ஆறாத ஆச்சரியம். ஏறக்குறைய மூன்றாண்டுகள், ஒரு லட்சம் மைல் அலைந்தார். முப்பது ஆண்டுகளில் நூற்றுச் சொச்சம் ஒளிப்பதிவாளர்கள் எங்கெங்கோ எடுத்துப் போட்டிருந்த படச்சுருள்களைத் தேடி 50,000 அடி சேர்த்தார். அதிலிருந்து 12,000 அடியில் படம் 1940-ல் தமிழில் வெளிவந்தது. இத்தனையையும் அவர் எழுதியிருப்பதைப் படித்தால், ஏதோ பக்கத்து ஊர்ச் சந்தைக்குப் போய் வந்ததைச் சொல்வது போல இருக்கும். ‘நான்’ எங்கே என்று தேட வேண்டும். கதவு திறக்காதவர், கடிதத்துக்குப் பதில் போடாதவர் எல்லோரையும் இரண்டு வரியில் தாண்டிப் போய்விடுவார். ஒரு தலையணைக்கு மூன்று பத்தி எழுதுகிற ஜாதி இல்லை.

இரவு பதினொன்றுக்கு ஒலிபெருக்கி அடங்கியது. அதுவரை பால்கனியில் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது நாற்காலியில் கால் நீட்டிக்கொண்டு. கட்டின காசுக்கு அதாவது ஆச்சு.

நாளைய நிகழ்ச்சிநிரலைக் கதவோரம் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் அச்சு, எழுத இடமில்லை. காலை பத்து மணிக்குக் குளியல் துண்டில் யானை மடிக்கக் கற்றுத்தருகிறார்களாம். கோவை அம்மாள் எனக்கும் சேர்த்து இடம் போட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். நானும் சரி என்றுவிட்டேன். யானை வந்ததா என்று அடுத்த வாரம் சொல்கிறேன். தனி ஆள் கட்டண வழக்கு பாதியில் நிற்கிறது, அதையும் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.