சக்கரம் வந்தது, சட்டம் வரவில்லை!

மகிழ்ச்சிக்கும் மதிப்பெண் போடத் தொடங்கிவிட்டார்கள், தோழர்களே! எந்த நாட்டார் இன்புற்று வாழ்கிறார்கள், எந்த நாட்டார் துன்புற்று வாடுகிறார்கள் என்று ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகிறார்கள். 2018 முதல் 2025 வரை அந்த உலகப் பட்டியலின் உச்சியில் இருப்பது பின்லாந்து. 2025-ஆம் ஆண்டுப் பட்டியலில் இந்தியாவுக்குக் கிடைத்தது 118-ஆவது இடம்.

பட்டியல் வந்ததும் பண்டிதர்கள் வாய் திறக்கிறார்கள். "நம்மவனுக்கு எதிலும் நிறைவில்லை, அது அவன் குணம்" என்கிறார் ஒருவர். "யார் சொன்னது? நம் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள், வேலை பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வான், இருப்பது போதும் என்னும் பெருங்குணம் படைத்தவன்" என்கிறார் மற்றொருவர். ஒருவர் பழிக்கிறார், ஒருவர் புகழ்கிறார். இருவரும் தொழிலாளியின் குணத்தைத்தான் ஆராய்கிறார்கள். அவன் எந்த இடத்தில் நிற்கிறான், எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறான் என்று மட்டும் பார்க்க மறுக்கிறார்கள்!

நாம் பார்ப்போம். பண்ருட்டியை அடுத்த திருவதிகையில், கோழி கூவும் நேரத்தில், நெய்வேலிப் பேருந்துக்காக இருவர் காத்து நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒருவர் நிரந்தரத் தொழிலாளி. மற்றவர் ஒப்பந்தத் தொழிலாளி. ஏறுவது ஒரே பேருந்து. இறங்குவது ஒரே வாயில். இருவர் மீதும் படிவது ஒரே கரிப்புழுதி. ஆனால் மாத முடிவில் கைக்கு வரும் கூலியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு! முன்னவருக்கு நிறுவனமே முதலாளி. பின்னவருக்கு யார் முதலாளி? இந்த ஆண்டு ஓர் ஒப்பந்தக்காரர்; அடுத்த ஆண்டு மற்றோர் ஒப்பந்தக்காரர். முதலாளியின் பெயர் மாறும். அவர் துடைக்கும் எந்திரம் மாறாது, தூக்கும் பாரம் குறையாது!

நாடகம் எழுதுகிறவன் நான். மேடையில் ஒரே வேடத்தை முதல் நாள் ஒருவரும் மறுநாள் மற்றொருவரும் ஏற்று நடித்தால், ஒருவருக்கு முழு ஊதியமும் மற்றவருக்குக் காப்பிக் காசும் கொடுக்கத் துணிகிற நாடகக் குழு நாட்டில் உண்டா? மேடையிலே கூசுகின்ற அநீதியைச் சுரங்கத்திலே கூசாமல் செய்கிறார்களே!

இந்த இருவரிடமும் ஒரே படிவத்தை நீட்டி, "வேலையில் நிறைவு உண்டா?" என்று கேட்டால் என்ன ஆகும்? ஒப்பந்தத் தொழிலாளி 'உண்டு' என்றே எழுதக்கூடும். 'இல்லை' என்று எழுதிவிட்டால் நாளை கேட் பாஸ் கிடைக்குமா என்னும் அச்சம் அவர் பேனாவைப் பிடித்து இழுக்கும். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் இதை நன்றாக விளக்கியிருக்கிறார்: நெடுங்காலம் இல்லாமையில் உழல்பவர்கள், கைக்கு எட்டுவது எதுவோ அந்த அளவுக்குத் தம் விருப்பத்தையே சுருக்கிக்கொள்கிறார்கள், ஆகவே அவர்கள் 'மகிழ்ச்சி' என்று சொல்வதை மட்டும் வைத்து அவர்கள் வாழ்வை அளக்கலாகாது. பசித்தவன் கஞ்சிக்கு நன்றி சொன்னால், அவனுக்குச் சோறு வேண்டாம் என்று பொருளா?

அப்படியானால் நாடுகளை ஒப்பிடவே கூடாதா? ஒப்பிடத்தான் வேண்டும்! அதற்கு நெய்வேலியைவிடப் பொருத்தமான இடம் ஏது? 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பிறந்தது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்டில் கரி முகம் காட்டிற்று. முதல் அனல்மின் நிலையம் சோவியத் நாட்டின் துணையோடு எழுந்தது. மண்மலைகளைக் கரைத்துத் தள்ளும் மாபெரும் வாளிச் சக்கர எந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன.

அந்தச் சக்கரத்தைச் செய்த நாட்டிலே என்ன நடந்தது? 1951-இல் அங்கு ஒரு சட்டம் பிறந்தது. நிலக்கரி, இரும்பு, எஃகுத் தொழில்களில் 1,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனமானால், அதன் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் தரப்புக்கு! பழுப்பு நிலக்கரியும் அச்சட்டத்துக்குள் அடக்கம். நிர்வாகியை அமர்த்துவதா, அகற்றுவதா என்று முடிவு செய்யும் மேசையில், சுரங்கத் தொழிலாளியின் பிரதிநிதிக்கும் நாற்காலி உண்டு.

"ஜெர்மனி செல்வ நாடு; அவர்களுக்குக் கட்டுபடியாகும்" என்று உடனே ஒரு குரல் எழும். 1951-இல் ஜெர்மனி செல்வ நாடா? போர் முடிந்து ஆறே ஆண்டு! நகரங்கள் இடிபாடாய்க் கிடந்த காலம். அந்த உரிமையும் எவரும் இரங்கிப் போட்ட பிச்சையன்று. சட்டம் வராவிட்டால் வேலைநிறுத்தம் என்று உலோகத் தொழிலாளரும் சுரங்கத் தொழிலாளரும் வாக்களித்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் 'ஆம்' என்றார்கள். அதன் பிறகே சட்டம் வந்தது. உரிமை முன்னே வந்தது. செல்வம் பின்னே வந்தது!

ஜெர்மனி சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. அங்கும் தற்காலிகத் தொழிலாளர் உண்டு. பழுப்பு நிலக்கரிக்காக 2023-இல் லுட்சரத் என்னும் சிற்றூரில், எதிர்த்து நின்றவர்களைக் காவலர்கள் தூக்கிச் சென்றதை உலகமே பார்த்தது. சொர்க்கத்தைக் கேட்கவில்லை நாம். சக்கரத்தோடு வந்திருக்க வேண்டிய சட்டத்தைக் கேட்கிறோம்!

இங்கே சட்டமே இல்லையா? உண்டு, ஏட்டில் உண்டு! 1976-இல் அரசியல் சட்டத்தில் 43-அ என்னும் பிரிவைச் சேர்த்தார்கள். நிர்வாகத்தில் தொழிலாளருக்குப் பங்கு அளிக்க அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது அது. ஆனால் அது வழிகாட்டும் நெறி. நீதிமன்றத்தில் நின்று கேட்டுப் பெற முடியாத நெறி. 1970-இல் ஒப்பந்தத் தொழிலாளர் முறையை ஒழுங்குபடுத்தவும் ஒழிக்கவும் ஒரு சட்டம் வந்தது. ஒரே வகை வேலைக்கு ஒரே கூலி என்று அதன் விதிகளில் எழுதினார்கள். ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டாலும் தொழிலாளி தாமாகவே நிரந்தரமாகிவிட மாட்டார் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 2020-இல் இயற்றிய புதிய தொகுப்புச் சட்டத்தை 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய சட்டம் 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே பாய்ந்தது. புதியதோ 50 பேர் இருந்தால்தான் பாயும்! வேலியை உயர்த்தவில்லை, பிரித்துப் போட்டார்கள்.

கேட்கவில்லையா நம் தொழிலாளர்? கேட்டார்கள். 2010-இல் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்து கேட்டார்கள். 2011-இல் நிறுவனத்துக்கு 'நவரத்தினம்' என்னும் பட்டம் கிடைத்தது. அந்த ஒன்பது மணிகளில் ஒப்பந்தத் தொழிலாளியின் வியர்வை மணிக்கு இடமில்லை! 2014 மார்ச் 17 அன்று, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைவீரர் சுட்டதில், சுரங்க வாயிலில் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி உயிரிழந்தார்.

திருவதிகையில் சைவம் தழுவிய அப்பரை, மன்னன் ஆணையால் நீற்றறையில் அடைத்தார்கள் என்றும், ஏழு நாள் சென்று திறந்தபோது அவர் ஊறின்றி வெளிவந்தார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. அது புராணம். 2020-இல் நடந்தது புராணமன்று! அவ்வாண்டு மே 7 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் மீண்டும் வெடிப்பு. ஆறு பேர் அன்றே மாண்டார்கள். தீக்காயத்தோடு மருத்துவமனை சென்றவர்களில் மேலும் பலர் அடுத்தடுத்து மாண்டார்கள். மாண்டவர்களில் ஒப்பந்தத் தொழிலாளரும் இருந்தனர். கூலியில் வேறுபாடு காட்டத் தெரிந்தது நிர்வாகத்துக்கு. நெருப்புக்கு அது தெரியவில்லை.

நாளைய நிலையையும் எண்ணுங்கள். நிலக்கரியை 2038-க்குள் கைவிடுவதென்று ஜெர்மனி 2020-இல் சட்டம் செய்தது. அதே மூச்சில், 58 வயதைக் கடந்த பழுப்பு நிலக்கரித் தொழிலாளி வேலை இழந்தால், ஓய்வூதியம் தொடங்கும் வரை ஐந்தாண்டு வரை ஈடுதொகை என்று உறுதியளித்தது. அதே 2020-இல் நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் மூடப்பட்டது. 600 மெகாவாட் தந்த நிலையம். அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த நிலையம். ஒப்பந்தக்காரரின் ஏட்டில் மட்டுமே பெயர் இருந்தவருக்கு, அத்தகைய ஈடுதொகை தர எந்தச் சட்டம் இருந்தது? ஒன்றுமில்லை!

இப்போது பின்லாந்துக்கு வருவோம். அங்கும், அதன் அண்டை நாடான சுவீடனிலும், டென்மார்க்கிலும், தொழிலாளரில் பாதிக்கு மேற்பட்டோர் தொழிற்சங்க உறுப்பினர்கள். கூலியைச் சங்கம் பேசி முடிக்கிறது. வேலை போனாலும் அடுப்பு அணையாதபடி காப்பு இருக்கிறது. மகிழ்ச்சி அங்கே பனியோடு சேர்ந்து வானத்திலிருந்து பெய்யவில்லை, தோழர்களே! சங்கம் கட்டிய கூரையின் கீழ் அது குடியிருக்கிறது.

ஆகவே, நிறைவை அளக்க வருகிறவர்கள் உள்ளத்தைத் துருவும் படிவத்தை ஓரமாக வைக்கட்டும். மூன்றே கேள்விகள் கேட்கட்டும். நாளையும் இந்த வேலை உனக்கு உண்டா? ஆபத்தைக் கண்டால் 'செய்ய மாட்டேன்' என்று சொல்ல உன்னால் முடியுமா? உன் கூலியை முடிவு செய்யும் மேசையில் உனக்காக யாரேனும் அமர்ந்திருக்கிறாரா? ஜெர்மனிக்காரரையும் கேளுங்கள்; பின்லாந்துக்காரரையும் கேளுங்கள்; நெய்வேலி வாயிலில் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியையும் கேளுங்கள். எந்த நாடு எந்த இடம் என்பது அப்போது விளங்கும்!

இந்த மூன்று கேள்விகளையும் தேநீர்க் கடையிலும் பேருந்து நிலையத்திலும் படிப்பகத்திலும் எடுத்துச் செல்லுங்கள். வாக்குக் கேட்டு வருகிற எவரையும், நம்மவரையும் சேர்த்தே, இக்கேள்விகளுக்குப் பதில் சொல்ல வையுங்கள். பதில் 'ஆம்' என்று வரும் நாளில், மகிழ்ச்சிப் பட்டியலில் நம் இடத்தை நாம் தேட வேண்டியிராது; பட்டியல் நம்மைத் தேடி வரும்.