பிறமொழி நாள்

ஐரோப்பாவில் 2001 முதல் செப்டெம்பர் 26ஆம் நாள் மொழிகள் தினமாகக் கொண்டாடப்பட்டு வருகின்றது. பள்ளிப் பிள்ளைகள் பிறமொழிப் பாடல் இசைப்பர். பிறநாட்டு உணவு பகிர்வர். உடையார்கட்டிலும் இவ்வாறொரு நாள் வேண்டும் என்பேன். ஆயினும், உடையும் உணவும் மட்டும் போதா. போரினாற் சிதறிய வன்னிக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பிரெஞ்சும் ஜேர்மனும் பேசி வளர்கின்றனர். தொலைபேசியில் முகங்கண்டும் அவர்களோடு மூன்று சொல்லுக்கு மேற் பேசவியலாத பாட்டியர் நம்மிடை உளர்.

பிறமொழி தமிழுக்குப் பகையென அஞ்சுவோரும் உளர். 1679இல் அச்சேறிய புரொயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியை 1966இல் மீளப் பதிப்பித்தவர் தனிநாயகம் அடிகள். போர்த்துக்கேயம் அறிந்தமையாலன்றோ அது கைகூடிற்று?

ஓகஸ்ட் விடுமுறையில் ஊர் வரும் பழைய மாணவர், தம் பிள்ளைகளோடு ஒரு பகல் வகுப்பறையில் அமர்வாராயின், நம் மாணவர் அம்மொழியிற் சுகம் விசாரிக்கவும், அப்பிள்ளைகள் தமிழில் விடை கூறவும் பயிலலாம்.