மட்டாஞ்சேரிக்குப் போய் வாருங்கள்



விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று யோசிப்பவர்களுக்கு இந்த முறை நான் சொல்லும் ஊர், கொச்சியின் மட்டாஞ்சேரி. சென்னையிலிருந்து கேரளம் போகும் ரயில்கள் நம் ஜோலார்பேட்டை வழியாகத்தான் போகின்றன. இரவு ஏறினால் காலையில் எர்ணாகுளம். படகில் காயலைக் கடந்து ஃபோர்ட் கொச்சியில் இறங்கி, ஆட்டோ பிடித்தால் யூதத் தெரு வந்துவிடும்.

ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்கள் பலர் இங்கே அடைக்கலம் தேடி வந்தார்கள். கொச்சி மன்னர் தம் அரண்மனையை ஒட்டியே அவர்களுக்கு இடம் கொடுத்தார். 1568இல் அங்கே பரதேசி சினகாக் என்ற யூத வழிபாட்டுக்கூடம் எழுந்தது. 1662இல் போர்த்துகீசியர் அதைச் சிதைத்தார்கள். டச்சுக்காரர் காலத்தில், இரண்டே ஆண்டுகளில் அது மீண்டும் எழுந்தது. பகவதி கோயில், அரண்மனை, சினகாக் மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதை நின்று பாருங்கள். சினகாக்கின் உள்ளே தரை முழுக்கச் சீனாவிலிருந்து வந்த, கையால் நீலம் தீட்டிய ஓடுகள். யூதர்களுக்குக் கேரளத்தோடு உள்ள உறவு இந்தச் சினகாக்கைவிடப் பழையது: சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகள் வழங்கிய செப்பேடு சுமார் ஆயிரம் ஆண்டுப் பழமையானது. அதன் எழுத்து, நம் பழைய நடுகற்களில் காணும் அதே வட்டெழுத்து.

ஐரோப்பாவிலும் புகழ்பெற்ற யூதப் பேட்டைகள் உண்டு. பிராக் நகரின் பிங்காஸ் சினகாக் சுவர்களில், நாஜிகளால் கொல்லப்பட்ட சுமார் 80,000 பேரின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். மட்டாஞ்சேரியில் அப்படி ஒரு சுவருக்குத் தேவை வரவில்லை. 1948இல் இஸ்ரேல் உருவானபின் இங்குள்ளவர்கள் தாமாகவே விரும்பிப் புறப்பட்டுப் போனார்கள். 1968இல் சினகாக்கின் 400ஆம் ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தியே வந்தார், தபால்தலையும் வெளியானது. இன்று அந்தத் தெருவில் யூதர்கள் ஏறக்குறைய யாருமே மிஞ்சவில்லை. ஆனாலும், அந்நியரை அண்டைவீட்டாராக ஏற்ற ஒரு மண்ணின் பெருமையை நம் பிள்ளைகள் நேரில் காண இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். இறைச்சியோடு பாலைச் சேர்ப்பது யூத முறையில் கூடாது. அதனால் கொச்சி யூத வீடுகளில் கறிக்குழம்புக்குத் தேங்காய்ப்பாலே கைகொடுத்தது. நம்மூர் சோமாசி வடிவில் கோழியோ முட்டையோ வைத்துப் பொரித்த ‘பாஸ்டல்’, சின்ன வெங்காயமும் மிளகாயும் சேர்ந்த ‘சுட்டுள்ளி மீன்’ ஆகியவை அவர்களின் பேர்பெற்ற பலகாரமும் பதார்த்தமும். இவை எல்லாக் கடையிலும் கிடைக்காது. விசாரித்துத்தான் தேட வேண்டும். ஆம்பூர் பிரியாணியில் ஊறிய நாக்குக்கு, கைமா அரிசியில் தம் போடும் மட்டாஞ்சேரி பிரியாணியும் நல்ல விருந்து.

சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள், சினகாக் திறக்காது. வெள்ளியன்று அரண்மனை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஆகவே ஞாயிறு முதல் வியாழனுக்குள் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, தோளும் முழங்காலும் மறையும் உடையில் உள்ளே செல்லுங்கள். ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் வருகிறவர்கள் குப்பை போடாமல், கூச்சல் இடாமல், மலைமக்களை மதித்து நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் நாம். அதே மரியாதையை அந்தத் தெருவுக்கும் கொடுப்போம். போய் வந்தவர்கள், பார்த்ததையும் சாப்பிட்டதையும் எழுதி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்