இடாப்பில் பெயர் இருந்தும் வரவில்லை என்பதா?



கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில், லண்டனில் இருக்கும் என் பெறாமகன் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "இரண்டு வருஷத்துக்கு மேல் தவணை குடுத்தவங்கள். அதுக்குள்ள விண்ணப்பம் போடாதவைக்கு ஏன் பரிதாபப்பட வேணும்?" பலர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள். பெறாமகன் கோபித்தாலும் பரவாயில்லை. இந்தப் பேச்சு பிழை.

விசயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஜேர்மனி, ஒல்லாந்து, பிரான்ஸ், டென்மார்க் என்று அகதியாகப் போன எங்கள் சனம், காலப்போக்கில் அந்த நாடுகளின் பிரஜைகளானார்கள். அவர்களில் கன பேர் பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகவும் சொந்தங்களுக்காகவும் பிறகு இங்கிலாந்துக்கு மாறினார்கள். ஐரோப்பிய ஒன்றியப் பிரஜை என்றபடியால் விசா தேவைப்படவில்லை.

ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவானது. வேறொரு உறுப்பு நாட்டில் ஐந்து வருஷம் தொடர்ந்து சட்டப்படி வாழ்ந்தவருக்கு நிரந்தர வதிவிட உரிமை உண்டு. கூட வாழும் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், தங்கி வாழும் தாய் தகப்பன் ஆகியோர் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் அவர்களுக்கும் அது உண்டு. பத்திரம் அந்த உரிமைக்கு ஒரு அத்தாட்சி மட்டும்தான். உரிமையைத் தருவது அங்கே வாழ்ந்த ஐந்து வருஷம்.

2016இல் பிரெக்சிற் வாக்கெடுப்பு வந்தது. பயந்த சனம் நிரந்தர வதிவிடப் பத்திரம் எடுக்க ஓடியது. படிவம் 85 பக்கம், கட்டணம் 65 பவுண். ஐந்து வருஷத்துக்கும் கடிதம், பில், சம்பளச் சீட்டு என்று கட்டுக்கட்டாக வைக்க வேண்டும். படித்துக்கொண்டிருந்தவர்களிடமும் வேலைக்குப் போகாமல் சொந்தப் பணத்தில் இருந்தவர்களிடமும் தனியாக முழு மருத்துவக் காப்புறுதி கேட்டார்கள். அரச வைத்தியசேவையில் பதிந்திருந்தால் அதுவே போதும் என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2022 மார்ச்சில். அதற்குள் எத்தனை பேர் மறுப்புக் கடிதத்தோடு வீட்டில் இருந்திருப்பார்கள்!

அவ்வளவு பாடுபட்டு எடுத்த பத்திரமும் 2021 ஜூன் 30க்குப் பிறகு செல்லாது என்றார்கள். செற்றில்ட் ஸ்ரேற்றஸ் என்ற புதிய திட்டத்தில் திரும்பவும் விண்ணப்பிக்க வேண்டும். சோதனையில் பாஸ் பண்ணின பிள்ளையைக் கூப்பிட்டு, உன் பெறுபேறு செல்லாது, திரும்ப எழுது என்று எந்த ஆசிரியராவது சொல்வாரா?

நான் பல வருஷம் வகுப்பில் இடாப்புக் கூப்பிட்டிருக்கிறேன். பிள்ளை வாங்கில் இருந்தால் வரவு. "நான் வந்திருக்கிறேன், தயவுசெய்து பதியுங்கள்" என்று பிள்ளை கடிதம் தரத் தேவையில்லை. பார்த்துப் பதிவது என் வேலை. வருஷக்கணக்காக வரி வாங்கிய அரசாங்கத்திடம் அந்த இடாப்பு இருக்கவில்லையா? விண்ணப்பித்த பலருக்கு வரிப் பதிவை வைத்தே வதிவிடத்தைச் சரிபார்த்தார்கள். அதாவது, இடாப்பு இருந்தது.

எங்கள் ஊர் அம்மா ஒருவர், எழுபது தாண்டியவர், ஒல்லாந்துப் பாஸ்போட்டோடு மகளிடம் போய் இருந்தார். "பாஸ்போட் இருக்குத்தானே" என்று நினைத்துத் தவணையை விட்டுவிட்டார். அவர் வரி கட்டியவரல்ல, கணினி தெரிந்தவருமல்ல. பேரப்பிள்ளைகளை வளர்த்தவர். தவணை யாரைத் தவறவிடுகிறது என்று பாருங்கள்: முதியவர்கள், வீட்டோடு இருக்கும் பெண்கள், தாய் தகப்பன் கவனிக்காமல் விட்ட சிறுபிள்ளைகள். கைதட்டியவர்களின் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார்.

"பத்திரம் இல்லாவிட்டால் விண்ட்ரஷ் ஆட்களுக்கு நடந்ததுதானே நடக்கும்?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. கரீபியன் தீவுகளிலிருந்து வந்து பல பத்தாண்டுகள் வாழ்ந்தவர்களிடம் திடீரென்று பத்திரம் கேட்டு, சிலரை நாடுகடத்தியும் விட்டார்கள். அதிலிருந்து படிக்க வேண்டிய பாடம், எல்லோருக்கும் பத்திரம் கொடு என்பது. பத்திரம் எடுக்காதவனின் உரிமையை வெட்டு என்பதல்ல. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பிறந்த எங்கள் பிள்ளைகள் எத்தனை பேருக்குக் காலம் கடந்து பிறப்பத்தாட்சிப் பத்திரம் எடுத்தோம்! அதுவரை அவர்கள் பிறக்கவில்லை என்று யாராவது சொன்னார்களா?

வேறு வழி இருக்கவில்லை என்பதும் சரியல்ல. தங்கள் நாட்டில் வாழ்ந்த பிரித்தானியர்களுக்கு ஜேர்மனி, இத்தாலி, ஸ்பெயின் உட்பட 14 நாடுகள் உரிமையைச் சட்டத்தாலேயே கொடுத்தன. விண்ணப்பித்தால்தான் உரிமை என்றவை பிரான்ஸ், ஒல்லாந்து உட்பட 13. ஆக, பிழை இங்கிலாந்தில் மட்டுமல்ல. பிறீ-செற்றில்ட் ஸ்ரேற்றஸ் உள்ளவர் இரண்டாம் முறை விண்ணப்பிக்காவிட்டால் உரிமை போய்விடும் என்ற விதி சட்டத்துக்கு மாறானது என்று 2022 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றமே சொன்னது. அதன் பிறகுதான் காலத்தைத் தானாக நீடிக்கத் தொடங்கினார்கள். பரிதாபம் கேட்கவில்லை, பெறாமகன். நீதிபதி சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன்.

இனி உங்களுக்கு வீட்டுவேலை. இங்கிலாந்தில் இருப்பவர்கள் தாய், தகப்பன், மாமியார், பிள்ளைகள் ஒவ்வொருவருடைய ஸ்ரேற்றஸும் என்னவென்று இன்றைக்கே பாருங்கள். தவணை தவறியிருந்தாலும் நியாயமான காரணம் காட்டி விண்ணப்பிக்க இடமுண்டு; சட்ட ஆலோசனைக்கு அனுமதி பெற்றவரிடமே போங்கள். விண்ணப்பத்துக்கு அரசாங்கக் கட்டணம் கிடையாது. ஜேர்மன் பிரஜையாகப் பிரான்சில் இருப்பவரைப் போல வேறொரு ஒன்றிய நாட்டில் வாழ்பவர்கள், இலங்கைக் கடவுச்சீட்டுள்ள மனைவிக்கோ கணவனுக்கோ முதல் அட்டை முடிய முன்னமே நிரந்தர அட்டைக்கு விண்ணப்பியுங்கள். ஆறு மாதத்துக்குள் தர வேண்டும் என்பது சட்டம்.

தவறவிட்டவரைக் கண்டால் "ஏன் போடேல்லை?" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் இருந்து படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். எழுதப் படிக்கப் பழக்கிவிட்டது அதற்கும்தான்.