உயிரோடிருக்கும்போதே சிலை

மார்கரெட் அட்வுட்டின் ‘தி டெஸ்டமென்ட்ஸ்’ மோசமான நாவல் என்றால் இதை எழுத வேண்டிய தேவையே இருந்திருக்காது. விறுவிறுப்பாக ஓடுகிறது. 2019இல் புக்கர் பரிசும் வாங்கிவிட்டது. யாருடைய பக்கம் போய் அது நிற்கிறது என்பதில்தான் எனக்குச் சண்டை.

1985இல் வந்த ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ நாவலில் ஆஃப்ரெட்டிடம் இருந்தது சொல் மட்டுமே. கிலியட் என்ற மதவாத அரசில், அதிகாரிகளுக்குப் பிள்ளை பெற்றுத்தர அனுப்பப்படுகிறவள் அவள். ஃப்ரெட் என்கிற ஆணுக்கு உடைமை என்பதே அவளுடைய பெயர். கடைசியில் ஒரு வண்டியில் ஏறுகிறாள். விடுதலைக்கா, சாவுக்கா? அட்வுட் சொல்லவில்லை. பிறகு 2195இல் நடக்கும் ஒரு கருத்தரங்கைக் காட்டினார். அங்கே ஒரு பேராசிரியர் அவளுடைய ஒலிநாடாக்களை வைத்துக்கொண்டு சிலேடை பேசுகிறார். அவளைவிட அவளுடைய எசமானன் யார் என்று கண்டுபிடிப்பதில்தான் அவருக்கு அக்கறை. சங்கப் பெண்பாற் புலவர்களைப் பற்றி நம் கருத்தரங்க மேடைகளில் உதிர்க்கப்படும் நகைச்சுவைகளைக் கேட்டவர்களுக்கு அந்தப் பகுதி புனைவாகவே தோன்றாது.

2017இல் டெக்ஸாஸிலும் அடுத்த ஆண்டு அர்ஜென்டினாவிலும் கருக்கலைப்பு உரிமைக்காகப் பெண்கள் அந்தச் சிவப்பு அங்கியையும் வெள்ளைத் தொப்பியையும் அணிந்து நின்றார்கள். 34 ஆண்டுகள் கழித்து அடுத்த பாகம் வருகிறது என்றதும், அங்கிக்குள் இருப்பவளின் குரலுக்காகக் காத்திருந்தோம்.

வந்ததோ ஆன்ட் லிடியாவின் குரல். (‘அத்தை’ என்று எழுதினால் தமிழில் பாசம் ஒட்டிக்கொள்கிறது; ஆன்ட்டாகவே இருக்கட்டும்.) கதை சொல்லும் மூவரில் ஒருத்திகூட ஹேண்ட்மெய்ட் இல்லை. ஆஃப்ரெட்தான் என்று ஊகிக்கக்கூடிய ஒரு தாய் கடைசியில் வந்து மகள்களைக் கட்டிக்கொள்கிறாள், அவ்வளவே. லிடியா முன்னாள் நீதிபதி. விளையாட்டரங்கில் அடைத்துவைத்து வதைக்கப்பட்டு, சக பெண்களைச் சுட்டு, ஆட்சியாளர்களுக்காகப் பெண்களை அடக்கும் அமைப்பையே கட்டியெழுப்பியவள். உயிரோடிருக்கும்போதே சிலை வைக்கப்பட்டவள். அவள் எல்லோருடைய ரகசியங்களையும் சேர்த்துவைத்தாளாம். ஒரு பெண்ணின் கையில் குத்திய பச்சைக்குள் அவற்றை ஒளித்து எல்லை தாண்டி அனுப்ப, கிலியட் ஆட்டம் காண்கிறதாம்.

நம் நிறுவனங்களிலும் லிடியாக்கள் உண்டு. விடுதி மாணவிகளின் உடையை அளப்பார்கள், விசாரணைக் குழுவில் உட்கார்ந்து புகார் சொன்னவளையே குடைவார்கள். “உள்ளே இருந்தால்தானே எதையாவது மாற்ற முடியும்?” என்பார்கள். அவர்களுடைய அலமாரியிலும் கோப்புகள் இருக்கின்றன. எந்தக் கோப்பும் இதுவரை எல்லை தாண்டியதில்லை. பதவி உயர்வுக்கு முந்தைய வாரத்தில் மட்டும் அவை திறக்கும். இவர்களுக்கு அட்வுட் ஒரு காப்பியம் எழுதித் தந்துவிட்டார்.

அதைவிட எனக்குப் பொறுக்காதது பெக்காவின் கதை. பல் மருத்துவரான தந்தையால் சிறு வயதில் சீரழிக்கப்பட்டவள். அந்தத் தந்தை பிறகு தண்டிக்கப்படுகிறார், ஆனால் எப்படி? லிடியா வலை விரிக்கிறாள். இன்னொரு ஆன்டை வைத்துப் பாலியல் புகார் ஒன்றை ஜோடிக்கிறாள். நடந்த குற்றத்துக்கு நீதி, நடக்காத குற்றத்தின் பேரில்! 2018இல் மீ டூ என்று வாய்திறந்த பெண்கள்மீது எறியப்பட்ட முதல் கல் ‘ஜோடிப்பு’ என்ற சொல்தான். அதற்கு அடுத்த ஆண்டு வந்த நாவல் இது.

இதையெல்லாம் பேசினால், “நம் மூத்த எழுத்தாளரை நாமே விட்டுக்கொடுக்கலாமா?” என்கிறார்கள் தோழியர். விட்டுக்கொடுப்பது என்றால் என்ன? அந்த ஆண்டு புக்கர் நடுவர்கள் விதியை மீறிப் பரிசை இருவருக்குப் பிரித்தார்கள். ‘கேர்ள், உமன், அதர்’ எழுதிய பெர்னார்டின் எவரிஸ்டோ புக்கர் வென்ற முதல் கறுப்பினப் பெண். அவருக்குக் கிடைத்தது பாதி மேடை. அட்வுட்டின் மீதான மரியாதைக்கு அங்கே விலை கொடுத்தது யார்?

தப்பியோடும் தோழிகள் பிடிபடாதிருக்க பெக்கா நீர்த்தொட்டிக்குள் ஒளிந்து, அங்கேயே இறந்துபோகிறாள். அவளுக்கும் முடிவில் ஒரு சிலை உண்டு. நானூறு பக்கங்களுக்கு மேல் நீளும் நாவலில் அவள் தன் வாயால் சொல்லும் ஓர் அத்தியாயம்கூட இல்லை.