கிராக் தருபவன் கொடைவள்ளலா?

"ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்யவும்." கிராக் மென்பொருளோடு அடிக்கடி வரும் குறிப்பு இது. நம்மவர்களும் சொன்னபடியே செய்கிறார்கள்! வாட்ச்மேனை வீட்டுக்கு அனுப்பிவிடு என்று முன்பின் தெரியாதவன் சொன்னால் கேட்பார்களா? ராப்பகலாக உட்கார்ந்து உடைத்தவன் அதை ஏன் சும்மா தருகிறான் என்றும் யோசிப்பதில்லை.

வைரஸ் தானே பரவும். ட்ரோஜன் அப்படியல்ல, ஏதோ நல்ல பொருள் போல வந்து, கணினிக்காரரையே கதவைத் திறக்க வைக்கும். 1989-லேயே எய்ட்ஸ் நோய்த் தகவல் என்று சுமார் 20,000 பிளாப்பிகளைத் தபாலில் அனுப்பினார்கள். கணினியை ஏறத்தாழ 90 முறை இயக்கியதும் அது கோப்புப் பெயர்களைக் குலைத்துவிட்டு, 189 டாலரைப் பனாமாவுக்கு அனுப்பச் சொன்னது.

அதுவாவது வாய் திறந்து கேட்டது. 2007-ல் தெரியவந்த ஜீயஸ் மூச்சே விடவில்லை. வங்கித் தளத்தில் தட்டிய கடவுச்சொல்லை பிரவுசருக்குள்ளேயே திருடியது. முகவரிப் பட்டையில் பூட்டுப் படம் இருந்து என்ன புண்ணியம்?

நம்மூரில் கணக்கு எழுதும் மென்பொருளையே கிராக் போட்டு ஓட்டும் கடைகள் இருக்கின்றன. வங்கிக் கணக்கு, ஜிஎஸ்டி கடவுச்சொல் எல்லாம் அதே கணினியில். லைசென்ஸ் பணம் மிச்சமாம்! அதை எந்த லெட்ஜரில் வரவு வைப்பார்களோ...