கைப்பிடித்தலும் கையொப்பமிடுதலும்

மணவறையில் ஒருத்தியின் கைப்பிடித்தல் ஒரு பொறுப்பேற்பு. அரசாங்கப் பத்திரத்திற் கையொப்பமிடுதல் மற்றொரு பொறுப்பேற்பு. முன்னதற்கு ஊரும் உறவும் சாட்சி. பின்னதற்குச் சட்டமே சாட்சி. கடல் கடந்து வாழும் நம்மவர் இல்லங்களில் இவ்விரண்டும் பின்னிக் கிடக்கின்றன. 1983ஆம் ஆண்டின் பின்னர் நம் மக்கள் பெருந்தொகையாகச் சென்று குடியேறிய கனடாவில் இந்நடைமுறை யாதென அறிதல், மணமக்களுக்கு மட்டுமன்றிக் கலியாணம் பேசும் பெற்றோருக்கும் இன்றியமையாதது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கணவன் கனடாவின் நிரந்தர வதிவாளன். மனைவி, குறித்த காலத்துக்கு மட்டும் வழங்கப்பெற்ற வேலை அனுமதியுடன் அங்கே பணி புரிபவள். அவள் நிரந்தர வதிவுரிமை பெறுதற்குக் கணவன் பொறுப்பாளனாக நிற்கலாம். இதனையே நம்மவர் 'ஸ்பொன்சர் செய்தல்' என்பர். மனைவி பொறுப்பேற்றுக் கணவனை அழைப்பதற்கும் விதி ஒன்றே. பொறுப்பேற்பவர் 18 வயது நிரம்பிய பிரசையாகவோ நிரந்தர வதிவாளராகவோ இருத்தல் வேண்டும். வேலை அனுமதியில் மட்டும் இருப்பவர் பிறருக்குப் பொறுப்பு நிற்றல் இயலாது.

இதற்கு வழிகள் இரண்டு. கனடாவிற்குள்ளே ஒன்றாய் வாழும் தம்பதியருக்குரியது ஒன்று. வெளிநாட்டிலிருந்து வருவோருக்கென அமைந்தது மற்றொன்று. உள்ளே வாழ்பவரும் இரண்டாவது வழியைத் தெரிந்துகொள்ளலாம். வேறுபாடு சிறிதன்று. முதல் வழியிற் சென்றோரின் விண்ணப்பம் மறுக்கப்பட்டால், குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்லும் உரிமை இல்லை. சமஷ்டி நீதிமன்றத்தின் அனுமதி பெற்று முறையிடுவதொன்றே வழி. இரண்டாவது வழியில் அம்மேன்முறையீட்டுரிமை உண்டு. மேலும், முதல் வழியில் விண்ணப்பித்தவள், ஊரில் தாய் நோயுற்றாள் எனக் கேட்டுப் புறப்பட்டு, மீள நுழைய அனுமதி கிடையாது போனால், விண்ணப்பமே வீழ்ந்துபோகலாம். தாயின் முகம் பார்ப்பதா, கணவனுடன் வாழும் உரிமையைக் காப்பதா என்னும் கொடிய கேள்வி எழுமுன், எவ்வழி தக்கதென ஆராய்ந்து துணிதல் அறிவுடைமையாகும்.

பலர் அறியாத மற்றொன்றும் உண்டு. நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டதனால் மட்டும் வேலை அனுமதியின் காலம் நீண்டுவிடாது. அது முடிவதற்கு முன்னரே நீடிப்புக்குத் தனியாக விண்ணப்பித்தல் வேண்டும். அவ்வாறு விண்ணப்பித்தோர் முடிவு வரும்வரை முன்னைய நிபந்தனைகளின்படியே பணி புரியலாம். காலந் தவறினால், அந்தஸ்தை மீட்கக் கோருதற்கு உள்ள தவணை 90 நாட்களே.

இனி, விவாகம் மெய்யானதா என்னும் வினா. குடிவரவு நோக்கத்தையே முதன்மையாகக் கொண்ட விவாகத்தையும், உண்மையற்ற விவாகத்தையும் சட்டம் ஏற்பதில்லை. விவாகப் பதிவுப் பத்திரம் ஒன்றே போதுமானதன்று. கூட்டாக வைத்த வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் எழுதிய வாடகை ஒப்பந்தம், உறவினர் சூழ எடுத்த படங்கள், பிரிந்திருந்த காலத்துக் கடிதங்கள், தொலைபேசிக் குறிப்புக்கள் ஆகியன சான்றாகும். இவற்றை நாள்தோறும் சேர்த்து வைத்தல் எளிது. கேட்கும்போது தேடுதல் அரிது. சொல்லாத உண்மையும் பொய்யாகவே கொள்ளப்படலாம் ஆதலின், முன்னைய விவாகத்தையோ பிள்ளையையோ ஒருகாலும் மறைத்தல் ஆகாது.

கையொப்பத்தின் பாரம் எத்தகையது? மனைவி நிரந்தர வதிவாளராகும் நாள் தொடங்கி 3 ஆண்டுகளுக்கு அவளுடைய அடிப்படைத் தேவைகளுக்குக் கணவன் பொறுப்பாளன். அக்காலத்தில் அவள் அரசாங்க உதவிப் பணம் பெற நேர்ந்தால் அது கணவனின் கடனாகும். வேலை போனாலும், விவாகரத்து நேர்ந்தாலும் இப்பொறுப்பு நீங்காது. 2011ஆம் ஆண்டு மாவி வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம், இத்தகைய கடன் தள்ளுபடி ஆவதன்று எனவும், ஆயினும் அறவிடுமுன் பொறுப்பாளரின் நிலைமையை எடுத்துரைக்க இடமளித்து அரசு நேர்மையாய் நடத்தல் வேண்டும் எனவும் தீர்த்தது. ஆகவே நண்பனுக்காகவோ உறவினரின் வற்புறுத்தலுக்காகவோ இடும் கையொப்பமன்று இது.

இப்பாரத்தைச் சுமப்பவன் தன்னை எசமானனாக எண்ணிவிடுதலே பெரிய ஆபத்து. 2012ஆம் ஆண்டு ஒக்டோபரில், புதிதாய் மணந்த சில தம்பதியருக்கு, 2 ஆண்டுகள் சேர்ந்து வாழ்தல் வேண்டும் என்னும் நிபந்தனை விதிக்கப்பட்டது. கொடுமைக்குள்ளானோருக்கு விலக்கு இருந்தும், அந்நிபந்தனைக்கு அஞ்சிப் பெண்கள் துன்பத்தைச் சகித்துக் கிடப்பர் என்னும் கண்டனம் எழுந்தது. 2017ஆம் ஆண்டு ஏப்ரலில் அது நீக்கப்பட்டது. இன்று, நேர்மையாய்ப் பெற்ற வதிவுரிமையைக் கணவன் தன் கோபத்தினாற் பறித்தல் இயலாது. ஆயின், முடிவு வருமுன் தன் பொறுப்பேற்பை அவன் மீளப்பெறலாம். அந்த இடைக்காலமே பெண்ணுக்கு அச்சந் தருவது. 'கடதாசி என் கையில்' என்னும் ஒரு சொல், அடியினும் வலிது. குடும்ப வன்முறைக்குள்ளானோர் தற்காலிக வதிவிட அனுமதியைக் கட்டணமின்றிக் கோருதற்கு 2019ஆம் ஆண்டு ஜூலை முதல் வழி செய்யப்பட்டிருப்பதை, மகளை அனுப்பும் பெற்றோர் அவளுக்குச் சொல்லியனுப்புதல் கடன்.

சீதனமும் நகையும் எவ்வளவெனப் பேசும் நாம், கடவுச்சீட்டு யார் கையில் இருக்கும், விண்ணப்பத்தின் பிரதி அவளிடம் உண்டா, வங்கிக் கணக்கில் அவள் பெயரும் உண்டா என்று கேட்க ஏன் நாணுதல் வேண்டும்? மாணவச் செல்வங்களே, நாளை நீங்களும் ஒருவருக்குப் பொறுப்பு நிற்கக்கூடும்; ஒருவரின் பொறுப்பில் வாழவும் கூடும். சட்டத்தின் கண்ணில் ஒருவர் தாங்குபவர், மற்றவர் தாங்கப்படுபவர். இல்லறத்தின் கண்ணிலோ இருவரும் ஒருவரையொருவர் தாங்குபவரே. பத்திரத்தை வாசித்துக் கையொப்பமிடுங்கள். இட்ட பின்னர் அதனை மனைவிக்கோ கணவனுக்கோ ஒருநாளும் சொல்லிக் காட்டாதிருங்கள்.